திண்டிவனம் லைனில் ஒரு செபமாலை

கறுப்பு நிறத்தில், ஒரே ஒரு காதுக்கு மட்டும் மூடி வைத்த ஹெட்போன் அது. தலைக்கு மேல் வளையும் இரும்புப் பட்டையில், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களின் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஆபரேட்டர்கள் மாட்டிக்கொள்ளும் செட்டில் வாய்க்கு நேராகப் பேசும் குழல் ஒன்று வளைந்து வரும். என்னுடையதில் அது கிடையாது. எந்த லைனிலும் நுழைந்து யார் பேசுவதையும் கேட்கலாம். பதில் பேச முடியாது. அரசாங்கம் என் குணத்தை நேரில் பார்த்து அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது அந்தக் கருவி. எண்பதுகளில் சில வருடங்கள் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதவிக்குப் பெயர் மானிட்டர். வேலை, ஊழியர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று ஒட்டுக்கேட்பது. விதிப்புத்தகத்தில் ஒட்டுக்கேட்பது என்று இருக்காது; கண்காணிப்பு என்று இருக்கும்.

சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஆபரேட்டர் திண்டிவனம் ஆபரேட்டரைக் கூப்பிடுவார். அவர் அங்குள்ள எண்ணைக் கூப்பிடுவார். இரண்டு முனையும் கிடைத்ததும் பலகையில் ஒயரைச் செருகி, சாவி என்கிற சின்ன விசையைத் தள்ளி இணைப்பார்கள். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து, நீட்டிக்கலாமா என்று கேட்பார்கள். ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பெயர் சொல்லிக்கொள்வதில்லை, ஊர்ப் பெயர்தான். வருடக்கணக்கில் தினமும் பேசி, முகம் பார்க்காமலேயே ஓய்வுபெற்றவர்கள் உண்டு. நான் சொல்லப்போகும் இருவரையும் ஊரை வைத்தே சொல்கிறேன். ஒருவர் எங்கள் இரவு ஆபரேட்டர். முகையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அலுவலகம் முழுக்க அவரை முகையூரார் என்றே அழைத்தது. வயதில் எனக்கு மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே. இன்னொருவன் என்னைவிட இளையவன், திண்டிவனம் எக்ஸ்சேஞ்சின் இரவு ஆபரேட்டர். அவன் பெயர் திண்டிவனம்.

புகார் மண்டித் தெருவிலிருந்து வந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி ஒருவர், இரவில் திண்டிவனத்துக்குக் கால் போட்டால் உடனே கிடைப்பதில்லை என்றும், லைனில் எந்நேரமும் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். எனக்குப் புகார்களில் நம்பிக்கை கிடையாது. எழுதுகிறவனுக்கு ஏதோ ஒன்று கிடைக்காமல் போயிருக்கும். ஆனால் புகாருக்கு ஆளானவர்களிடம் அதைவிடக் குறைந்த நம்பிக்கைதான். இரவில் கட்டணம் குறைவு. மறுநாள் விலையை வியாபாரிகள் பேசி முடிப்பது அப்போதுதான். பதிவு செய்யாமல், கட்டணத்துக்கான டிக்கெட் எழுதாமல் வேண்டியவர்களுக்கு யாரோ லைன் கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். என் மனைவி அப்போது சேலத்தில் ஆசிரியை. நான் விழுப்புரத்தில் வாடகை அறையில் தனியாக இருந்தேன். ஆகவே இரவில் அலுவலகத்துக்கு வந்து உட்காருவதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

முதல் நாள், பத்தரை மணி வாக்கில் திண்டிவனம் லைனில் நுழைந்தேன். முகையூராரின் குரல் கேட்டது. தணிந்து, சீராக, ஏற்ற இறக்கமில்லாமல், ரயில்வே அறிவிப்பு போல. நான் படித்தது பாதிரிமார் நடத்திய பள்ளியில். இந்துப் பையன்களும் காலையில் வரிசையில் நின்றாக வேண்டும். விபூதிப் பட்டையோடு நின்று கேட்டுக் கேட்டு, நம்பிக்கை வராமலே செபம் மனப்பாடமாகிவிட்டது. ஆகவே இது அருள் நிறைந்த மரியே என்று உடனே தெரிந்தது. முதல் பாதியை இவர் சொல்லி நிறுத்துகிறார். பின்பாதியைத் திண்டிவனம் சொல்லி முடிக்கிறது. கத்தோலிக்கர் வீடுகளில் செபமாலை இப்படித்தான் நடக்கும். ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் முடிப்பார்கள். ஆனால் அது வீட்டில். அரசாங்கத்தின் டிரங்க் லைனில் இரண்டு அரசு ஊழியர்கள் எதற்காக அதைச் செய்ய வேண்டும்? பக்தி என்று சொன்னால் நம்புவதற்கு நான் நேற்றுப் பிறந்தவன் இல்லை.

பத்து தடவை அதே செபம். பிறகு சின்னதாக வேறொன்று. பிறகு ஓர் அறிவிப்பு. திங்கட்கிழமை அது ‘சந்தோஷ தேவ இரகசியம்’ என்றது. செவ்வாய்க்கிழமை ‘துக்க தேவ இரகசியம்’. புதன்கிழமை ‘மகிமை’. எங்கள் பள்ளிச் செபத்தில் இந்தப் பகுதி கிடையாது. இரகசியம் என்ற சொல்லைக் கண்காணிப்பாளன் ஒருவன் காதில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தோஷம் என்றால் விலை ஏறும், துக்கம் என்றால் இறங்கும், மகிமை என்றால் நிலவரம் மாறாது. இவ்வளவு எளிய குறிச்சொல்லை இத்தனை நாள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையே என்று துறையின் மேல் பரிதாபம் வந்தது. புதன்கிழமை காலை மண்டித் தெருவுக்கு நானே போய் விசாரித்தேன். மல்லாட்டை விலை இறங்கியிருந்தது. வியாழக்கிழமை இரவு சந்தோஷம். வெள்ளிக்கிழமை காலை விலை இன்னும் இறங்கியிருந்தது. யாராவது ஒட்டுக்கேட்டால் குழம்பட்டும் என்று வாரக் கடைசியில் தலைகீழாக மாற்றி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகத்துக்கு நல்ல ஜீரண சக்தி உண்டு. எதிரான சாட்சியத்தையும் தின்று கொழுக்கும்.

சனிக்கிழமை விடிந்ததும் டூட்டி முடித்து வந்த முகையூராரை எக்ஸ்சேஞ்சுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் பிடித்தேன். விசாரணையில் முதல் கேள்வியை எதிராளி எதிர்பார்க்காத இடத்தில் வைக்க வேண்டும்.

“என்னண்ணே, நேத்தும் துக்கமா?”

அவர் அசரவில்லை. “ஆமா சார். செவ்வா, வெள்ளி துக்கம். திங்க, வியாழன் சந்தோஷம். மத்த நாளு மகிமை.”

“யார் வெச்ச கணக்கு இது?”

“ரோமாபுரியில வெச்சது சார். நம்ம டிவிஷன் ஆபீஸ்ல கேட்டா தெரியாது.”

“மல்லாட்டை வெலைக்கும் இதுக்கும் ஒண்ணும் சம்பந்தம் இல்லையே?”

கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. பிறகு கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். “சார், எங்க மாதா எந்தத் தெருவுல மண்டி வெச்சிருக்கு சார்?” என்றார். டீக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. அந்தச் சிரிப்பிலேயே என் குற்றச்சாட்டின் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டேன். மண்டி இல்லையென்றாலும், பதிவில்லாமல் லைனைப் பயன்படுத்தியது குற்றம்தான். அதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. டீக்கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

“திண்டிவனம் தம்பிக்கு ராத்திரி ஆனா ஆவறதில்ல சார்.”

“உடம்பா?”

“ஒடம்பு கல்லு மாதிரி. மனசுதான். வெளக்கு வெச்சா எறங்க ஆரம்பிக்குது. கால் எல்லாம் கொறஞ்சி, பலகையில ஒரு லைட்டும் எரியாத நேரம் ஒண்ணு வரும் பாருங்க, அப்ப தாங்க மாட்டான். ஒரு நாளு என்கிட்ட கேக்கறான், அண்ணே, நான் இல்லன்னா இந்த போர்ட யாரு பாப்பாங்கன்னு. அவன் லீவ பத்தி கேக்கலன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி.”

“காரணம் என்ன? கடனா, காதலா?”

“கேட்டேன். ஒண்ணும் இல்லண்ணேன்றான். அதான் சார் பேஜாரு. ஒண்ணு இருந்தா அதப் புடிச்சி வெளிய தள்ளலாம்.”

அவன் கிறிஸ்தவனா என்று கேட்டேன். இல்லை, நிலம் வைத்துப் பயிரிடும் குடும்பம், ஊரில் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் என்றார். அப்படியானால் செபம் எதற்கு? இதற்கு அவர் சொன்ன பதிலை நான் பல வருடங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று.

“அவனுக்கு நம்பிக்கை கெடையாது சார். ஆனா அவன் ஆபரேட்டரு. இந்தப் பக்கம் ஒரு கொரலு கூப்ட்டா அந்தப் பக்கம் பதில் சொல்லாம அவனால இருக்க முடியாது. கை தானா சாவியத் தள்ளும். அதான் பாதிய நான் சொல்லி நிறுத்திடறேன். மீதிய அவன்தான் சொல்லியாவணும். சொல்றான். சொல்ற வரைக்கும் இருக்கான் இல்ல?”

அந்தப் பின்பாதியில் மரண நேரம் என்று ஒரு சொல் வருகிறது என்பதை மிஷன் பள்ளி மாணவன் என்ற முறையில் அவருக்கு நினைவூட்டினேன். இப்படிப்பட்டவன் வாயில் போட வேண்டிய சொல்லா அது?

“அத அவன் மனசுக்குள்ளயே வெச்சிக்கினு சுத்தறான் சார். உள்ள இருந்தா அது பெருசு. வாயால அத்தினி தடவ சொன்னா, உப்பு, புளின்னு சொல்ற மாதிரி ஆயிடும்.” பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “இரகசியம்னா ஆண்டவரு வாழ்க்கையில ஒரு காட்சி சார். துக்க நாளுக்கு மொத இரகசியம் என்னா தெரியுமா? ஆண்டவரு தோட்டத்துல, ராத்திரி, தனியா. வேர்வ ரத்தமா கொட்டுது. கூட வந்தவனுங்கள முழிச்சிக்கினு இருங்கடான்னா, எல்லாம் தூங்கறானுங்க. நைட் டூட்டிதான் சார் அது.”

எழுதிவிடுவீர்களா என்று கேட்டார். விதி இருக்கிறதே என்றேன். “எழுதுங்க. இன்னிக்கி ராத்திரி அவன என்னா பண்றதுன்னும் அதுலயே ஒரு வரி எழுதிடுங்க” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு தரப்பு வாக்குமூலத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அன்று மாலையே திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். முன்னறிவிப்பில்லாத ஆய்வு, அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு. வழியெல்லாம், நன்றாக ஒத்திகை பார்த்த கதையைத்தான் முகையூரார் சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும். மனசு சரியில்லாதவன் தாடி வைத்திருப்பான், சட்டை கசங்கியிருக்கும், கண் எங்கோ இருக்கும் என்பது அந்தக் காலத்தில் எல்லோரையும் போல எனக்கும் இருந்த ஞானம். திண்டிவனமோ வழவழவென்று சவரம் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். சிறிய அறை, ஒரே ஒரு பலகை, ஒரே ஒரு நாற்காலி. ஜன்னல் விளிம்பில் டிபன் கேரியர் திறக்காமல் இருந்தது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்று தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தான்.

“முகையூரார் எல்லாம் சொல்லிட்டார்” என்றேன். இதுவும் விசாரணையில் ஒரு முறை.

“சொல்லிட்டாருங்களா?” அவன் முகத்தில் நிம்மதி வந்தது. “தப்பா எடுத்துக்காதீங்க சார். அண்ணன் பாவம்.”

“அண்ணனா?”

“அண்ணி தவறுனதுலேருந்து அவரு சரியா இல்ல சார். நைட் டூட்டிக்காரரு பகல்ல தூங்கணும் இல்ல? பகல்லயும் தூங்கறதில்ல. வீட்ல இவரு செபம் ஆரம்பிச்சா அண்ணி முடிப்பாங்களாம். இப்ப மீதிய சொல்ல ஆளில்ல. பாதியில நின்னா தொண்ட அடச்சிக்குதுடான்னாரு ஒரு நாளு. நான் முடிக்கிறேண்ணே, எனக்குச் சொல்லிக் குடுங்கன்னேன். நமக்கு சாமி வேறதான். இருந்தா என்னா சார்? சும்மாதான ஒக்காந்துக்கினு இருக்கேன்.”

“உனக்கு ஒண்ணும் இல்லையா?”

“எனக்கு என்னா சார்.” பலகையைப் பார்த்தபடி சொன்னான். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு முறை, “எனக்கு என்னா” என்றான்.

டிபன் கேரியரைக் காட்டிச் சாப்பிடவில்லையா என்றேன். அப்புறமா என்றான். எங்கள் பக்கத்தில் ஒருவன் சொல்வது பொய் என்று தோன்றினால் திருவாமாத்தூர்க் கோயிலின் வட்டப்பாறைக்கு வந்து சத்தியம் செய்யச் சொல்வார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் கேடு வரும் என்று நம்பிக்கை. நான் பகுத்தறிவு பேசுகிறவன்தான், ஆனால் விசாரணைக்கு உதவுமானால் எந்தப் பாறையையும் பயன்படுத்துவேன். “வட்டப்பாறையில நின்னு இதைச் சொல்லுவியா?” என்று கேட்டேன்.

அவன் முதல் முறையாகச் சிரித்தான். “எதச் சார்? அண்ணனப் பத்தி சொன்னதுன்னா இப்பவே வர்றேன், வாங்க.”

அன்றிரவு கடைசி பஸ் வரைக்கும் அங்கேயே இருந்தேன். பத்தரை வாக்கில் விழுப்புரம் விளக்கு எரிந்தது. அவன் ஒயரைச் செருகினான். எதிர்ப் பக்கம் சொல்வது எனக்குக் கேட்காது. இவன் பாதி மட்டும்தான் கேட்டது. ஒரு இடைவெளி, இவன் குரல், மறுபடி இடைவெளி. முதலில் கடமைக்குச் சொல்கிறவன் போலத்தான் சொன்னான். கைகள் மேஜைக்குக் கீழே ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு முறை, செபம் முடியும் இடத்தில் பழக்க தோஷத்தில், “மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கலாமா?” என்று கேட்டுவிட்டான். அந்தப் பக்கம் முகையூரார் என்ன சொன்னாரோ, இவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அதற்குப் பிறகு கைகள் மேஜைக்கு மேலே வந்துவிட்டன. எல்லாம் முடிந்து ஒயரை உருவியதும் நேராகப் போய் டிபன் கேரியரைத் திறந்தான். கேப்பைக் களி. எனக்கும் கொஞ்சம் கொடுத்தான். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஊழியரிடம் சாப்பிடக் கூடாது. களி நன்றாக இருந்தது.

கையில் இப்போது இரண்டு வாக்குமூலங்கள். விழுப்புரம், நோயாளி திண்டிவனம் என்கிறது. திண்டிவனம், நோயாளி விழுப்புரம் என்கிறது. இருவரும் மற்றவனுக்காகத்தான் செய்கிறேன் என்கிறார்கள். முரண்பட்ட வாக்குமூலங்களில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்பது எனக்குக் கற்றுத் தந்த பாடம். பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பாடத்தை எவ்வளவோ பொருத்திப் பார்த்தேன். யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. நான் புகாரை உறுதிப்படுத்தி எழுதினால், இந்த லைனின் ஏதோ ஒரு முனையில் ஒரு மனிதன் விடியும் வரை தனியாக உட்கார்ந்திருப்பான். எந்த முனை என்று தெரியாததால் இரண்டு முனையையும் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

விதியை மீறுவது என் இயல்பில் கிடையாது. விதிக்குள்தான் வழி தேட வேண்டும், தேடினால் இருக்கும். இரவில் போக்குவரத்து குறைந்த நேரத்தில் ஊர்களுக்கிடையேயான லைன்களில் பேசிப் பார்த்துத் தெளிவைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. சோதனையின்போது இரு ஆபரேட்டர்களும் மாறி மாறிப் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. திண்டிவனம் லைன் அடிக்கடி கரகரப்பதால் தினமும் இரவில் சோதிக்க வேண்டும், பதிவு செய்த கால் வந்தால் சோதனையை உடனே நிறுத்தி முதலில் அதற்கு லைன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். மண்டிக்காரருக்கு அதன் பிறகு கால் உடனே கிடைத்தது. அவர் திருப்தி தெரிவித்து எழுதவில்லை. புகார் எழுதுகிறவர்கள் ஒருபோதும் அதை எழுதுவதில்லை.

விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று யாராவது கண்காணிக்க வேண்டுமல்லவா? ஆகவே இரவில் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவதை நான் நிறுத்தவில்லை. மனைவியின் மாற்றல் விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது. அறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகும். அதை எண்ணிக்கொண்டு படுத்திருப்பதைவிட அரசாங்க வேலை பார்ப்பது மேல். சில இரவுகளில், காரணம் எதுவும் இல்லாமல், மார்பில் ஈரச் சாக்கைப் போட்டது போல இருக்கும். வெயில், உணவு, ரத்த அழுத்தம் என்று வரிசையாகச் சந்தேகித்தேன். எக்ஸ்சேஞ்சுக்கு வந்து அந்த இரண்டு குரல்களும் மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால் தூக்கம் வந்தது. சலிப்பூட்டும் எதைக் கேட்டாலும் தூக்கம் வரும். அதில் அதிசயம் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

முகையூரார் ஓய்வுபெற்ற நாளில் வழக்கம் போல மாலை, மிக்சர், நான்கு பொய்கள் கலந்த பாராட்டுரை. எல்லாம் முடிந்த பிறகு மாலையைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நின்றவரிடம், இனி இரவில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அக்கறையாகக் கேட்டதாகத்தான் நினைவு. விசாரணைக் குரல் வந்திருக்கலாம்.

“முகையூர்ல பொண்ணு வூட்டுக்குப் போறேன் சார். பேரப் பசங்க அத்தினியும் செபத்துக்கு ஒக்காருங்க. மீதிய சொல்லச் சொன்னா கூரை பறக்கும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க என்னா பண்ணுவீங்க?”

“நானா?”

“நீங்க ஹெட்போன மாட்டுனா லைன்ல சத்தம் ஒரு சொட்டு கொறயும் சார். ஆபரேட்டருக்குத் தெரியாதா? மொத நாள்லேருந்து எங்களுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா நிறுத்தல?”

“நிறுத்திடலாம்ணேன்னுதான் தம்பி பயந்தான். நான்தான் சொன்னேன், இருடா, ஒரு மனுசன் வேல இல்லாத நேரத்துல வந்து தெனமும் இருட்டுல ஒக்காந்துக்கினு இருக்காரு, அவருக்கு என்னா கஷ்டமோ, கேட்டுட்டுப் போவட்டும்னு.”

நான் அவர்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர்கள் என்னைச் சந்தேகித்திருக்கிறார்கள். அதுவும் நான் சந்தேகித்ததைவிடச் சரியாக. மறுப்பதற்கு வாயெடுத்தேன். அவர் அதற்குள் பெடலில் கால் வைத்துவிட்டார்.

இன்று இதற்கெல்லாம் மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, நோய்க்குப் பெயர் இருக்கிறது. எனக்கே ஒரு முறை மருந்துச்சீட்டு எழுதினார்கள்; வாங்கிச் சாப்பிட்டேன், பலன் இருந்தது. யாராவது என்னிடம் கேட்டால் முதலில் அங்கே போ என்றுதான் சொல்வேன். அன்று விடுப்பு விண்ணப்பத்தில் எழுதுவதற்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மட்டுமே இருந்தன. திண்டிவனமும் பிற்பாடு ஒரு மருத்துவரைப் பார்த்தான். கல்யாணம் ஆயிற்று, ஓய்வும் பெற்றுவிட்டான், நன்றாக இருக்கிறான். முகையூரார் தன் மனைவிக்குப் பக்கத்தில் கல்லறையில் இருக்கிறார். எது யாரைக் காப்பாற்றியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடவுள்தான் என்று முகையூரார் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குச் சாட்சியம் போதாது.

அவர் ஓய்வுபெற்றுப் போன அன்றிரவு பலகையில் உட்கார ஆள் இல்லை. மாற்று ஆபரேட்டர் மறுநாள்தான் வந்து சேர வேண்டும். இடைக்கால ஏற்பாடாக என் பெயரையே போட்டுக்கொண்டேன். நானும் ஒரு காலத்தில் ஆபரேட்டராக இருந்தவன்தான்; பல வருடங்களுக்குப் பிறகு, வாய்க்கு நேராகக் குழல் வளைந்து வரும் செட்டை மாட்டினேன். வழக்கமான நேரம் வந்தது, போயிற்று. திண்டிவனத்தைக் கூப்பிட வேண்டியது விழுப்புரம்தான். அதாவது நான். சாவியில் விரலை வைத்துக்கொண்டு, எந்த விதியின் கீழ் இதைச் செய்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்தே விளக்கு எரிந்தது.

“விழுப்புரம்” என்றேன்.

“சாருங்களா?”

“ஆமா.”

“அண்ணன் போயிட்டாருங்களா?”

“போயாச்சு. மாலை எல்லாம் போட்டு அனுப்பியாச்சு.”

“இன்னிக்கி டெஸ்டிங் இருக்குங்களா சார்?”

குரலில் விளையாட்டு இல்லை. அந்த அறை, ஒற்றை நாற்காலி, ஜன்னலில் திறக்காத டிபன் கேரியர் எல்லாம் தெரிந்தன. விதிப்படி உண்டு என்றேன். “அப்ப மொதப் பாதி நீங்கதான் சார்” என்றான்.

மிஷன் பள்ளியை விட்டு வந்த பிறகு அந்த வரிகளை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் தடவை தடுமாறியபோது அவன் மெதுவாக அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தான். அய்யனாரைக் கும்பிடுகிறவன், விபூதி பூசி வளர்ந்தவனுக்கு. பிறகு வந்துவிட்டது. நான் சொல்லி நிறுத்தினேன், அவன் முடித்தான். அந்தச் செட்டில் என் குரல் என் காதுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பாதி வழியில் ஓர் அவசரக் கால் வந்தது. யாரோ ஒருவரின் தகப்பனாருக்கு மூச்சு இரைக்கிறது, திண்டிவனத்தில் இருக்கும் மகனைக் கூப்பிட வேண்டும். நிறுத்தினோம். அவன் எண்ணைப் பிடித்தான், நான் இணைத்தேன், இருவரும் காத்திருந்தோம். மகன் புறப்பட்டு வருவதாகச் சொல்லி வைத்தான். லைன் மறுபடி எங்களுக்கு வந்தது.

“எதுல விட்டோம்?” என்றேன்.

“தெரியலீங்க சார். நீங்க எண்ணலீங்களா? அண்ணன் கையில செபமாலை மணி வெச்சிருப்பாரு.”

என் கையில் மணி இல்லை. ஐந்தா, ஏழா, இரண்டாவது பத்தா, மூன்றாவதா, எதுவும் தெரியவில்லை. இது செல்லுமா, விசுவாசம் இல்லாத இருவர் சொன்னால் கணக்கில் வருமா, நான் அவனுக்காகச் சொல்கிறேனா அவன் எனக்காகச் சொல்கிறானா, அதுவும் தெரியவில்லை.

“சந்தேகம் வந்தா அண்ணன் மொதல்லேருந்து ஆரம்பிச்சிடுவாரு சார்” என்றான்.

அப்படியானால் விடியும் வரை எங்களுக்கு வேலை இருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.